காடழித்த பெருமை நமக்கு வேண்டாம்

தைப்பூசமாயினும், பொங்கல் விழாவாயினும், பள்ளிக்கூட ஆண்டு நிறைவாயினும், தேர்தற் கூட்டமாயினும், நம்மவர் மேடை ஏறினால் ஒரு வாக்கியம் தவறாமல் முழங்குகிறது. "காட்டை அழித்து இந்நாட்டை உண்டாக்கியவர்கள் நாம்" என்பதே அவ்வாக்கியம். சொற்பொழிவாளர் அதைச் சொல்லிவிட்டுச் சற்று நிறுத்துகிறார், அவையோர் கைதட்டுகின்றனர். சிறிது படித்த பேச்சாளராயிருந்தால் கரிகாற்சோழனையும் துணைக்கழைத்து, காட்டை அழித்து நாடு கண்ட அவ்வேந்தன் வழிவந்தோர் நாம் என்று முடிக்கிறார். பட்டினப்பாலை அவனை அவ்வாறு புகழ்வது மெய்யே. ஆயினும் அப்பாட்டு அவ்வளவில் நின்றுவிடவில்லை. நீர்நிலைகளைத் தோண்டி நிலத்தைச் செழிக்கச் செய்தான் என்பதையும் உடன் கூறுகிறது. நம் பேச்சாளர்கள் கோடரியை மட்டும் எடுத்துக்கொண்டு குளத்தை ஏட்டிலேயே விட்டுவிட்டனர்.

இப்பெருமை சரித்திரத்தோடு பொருந்தாதது. நமக்குத் தீங்கு செய்வது. நம் முன்னோர் உண்மையில் செய்த அரிய தொழிலை மறைப்பது. இம்மூன்றையும் ஜொகூர் நாட்டின் வரலாற்றைக் கொண்டே காட்டுவேன். சினங்கொள்வோர் படித்து முடித்தபின் சினங்கொள்வாராக.

முதற்கண், ரப்பர் வருவதற்கு முன் ஜொகூர் ஆளற்ற காடாய்க் கிடந்ததா? எண்டாவ் ஆற்றின் தலைப்பகுதியில் ஜக்கூன் மக்கள் காட்டை வீடாகக் கொண்டு வாழ்ந்தனர், இன்றும் வாழ்கின்றனர். ஜொகூர் நீரிணையின் கண்டற் காடுகளில் ஓராங் செலெத்தார் மக்கள் ஓடங்களிலேயே குடும்பம் நடத்தினர். அவர்கள் பெயரிடாத ஓடை அங்கே எது? அவர்கள் அறியாத மரம் எது? வீட்டுக்காரன் உள்ளே இருக்கும்போதே வெற்று வீடு என்று சொல்வது நியாயமாகுமானால், காட்டை வெற்றுக் காடு என்பதும் நியாயமாகும்.

அன்றியும், ஜொகூரின் காட்டில் பெருவாரியாய்க் கைவைத்தவர்கள் தமிழரல்லர். 1844-ஆம் ஆண்டு முதற்கொண்டு தெமெங்கோங் டாயெங் இப்ராஹிம் ஆற்றுச் சீட்டு என்னும் உரிமைப் பத்திரங்களைச் சீனத் தலைவர்களுக்கு வழங்கினார். சீட்டுப் பெற்றவர் அவ்வாற்றங்கரைக்கு அதிகாரி. அவருக்குக் காங்சூ என்று பெயர். காங்கார் பூலாய், காங்கார் தெப்ராவ் என்று இன்றும் வழங்கும் ஊர்ப்பெயர்கள் அக்காலத்தின் எச்சமே. அவர்கள் பயிரிட்டவை கேம்பியரும் மிளகும். தோல் பதனிடவும் சாயமேற்றவும் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியான பண்டம் கேம்பியர். அதன் இலையைக் கொப்பரையிலிட்டு ஓயாமல் கொதிக்க வைக்கவேண்டும். அதற்கு விறகு வேண்டும். விறகுக்காகத் தோட்டத்தை அடுத்த காடும் வீழ்ந்தது. பதினைந்து, இருபது ஆண்டுகளில் மண் வலுவிழந்தது. அதை அப்படியே லாலான் புல்லுக்கு விட்டுவிட்டு அடுத்த ஆற்றுக்குப் போனார்கள். காங்சூ முறையைச் சட்டத்தால் ஒழித்தது 1917-ஆம் ஆண்டிலேதான். ஆகவே நம் முன்னோர் கப்பலேறி வந்தபோது, தென் ஜொகூரின் பலவிடங்களில் அவர்களை எதிர்கொண்டது தொடப்படாத காடன்று. ஏற்கெனவே ஒருமுறை சுரண்டப்பட்டுக் களைத்துக் கிடந்த நிலமே.

ரப்பர்த் தோட்டத்துக்காகப் புதுக்காடு வெட்டிய இடங்களைப் பற்றியாவது அப்பெருமை பொருந்துமா? பெருமரங்களை வெட்டி வீழ்த்தித் தீயிடும் வேலையைத் தோட்டத் துரைமார் பெரும்பாலும் மலாய்க்காரருக்கும், ஜாவாக்காரருக்கும், சீனருக்கும் ஒப்பந்தமாக விட்டனர். சஞ்சிக்கூலியாகவும் கங்காணிமார் வழியாகவும் வந்த தமிழருக்கு வாய்த்தது அதற்கடுத்த வேலை. வடிகால் வெட்டினர், களை பிடுங்கினர், பாதை போட்டனர், கன்று நட்டனர், பால் வெட்டினர். 1909-ஆம் ஆண்டில் ஜொகூர்பாரு வரை ரயில்பாதை முடிந்தபின் தோட்டங்கள் பெருகின, வேலையும் பெருகிற்று. கோடரி பிடித்தவர் சிலர் நம்மவரிலும் இருந்திருப்பர். எனினும் ஒரு சமூகத்தின் சரித்திரத்தைச் சிலர் கைக்கோடரியில் தொங்கவிடுவது முறையாகாது.

இனி, நம்மவர் ஆயிரமாயிரமாய் மாண்ட கதைக்கு வருவோம். "காட்டுக் காய்ச்சலுக்குப் பலியானோம், காடு நம்மைக் கொன்றது, நாம் காட்டைக் கொன்றோம்" என்று மேடையில் உருக்கமாகப் பேசுகின்றனர். கேட்போர் கண் கலங்குகிறது. ஆனால் இது நேர்மாறான செய்தி என்பதை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஒரு மருத்துவர் மெய்ப்பித்துவிட்டார். மலேரியாவைப் பரப்புவது அனோபிலிஸ் கொசு என்பதை ரொனால்டு ராஸ் 1897-ஆம் ஆண்டில் செகந்தராபாத்தில் கண்டறிந்தார். அதன்பின் 1901 முதல் சிலாங்கூரில் பணிபுரிந்த டாக்டர் மால்கம் வாட்சன், கிள்ளானைச் சூழ்ந்த தாழ்நிலத்தில் காட்டை வெட்டி வடிகால் அமைத்தார், காய்ச்சல் குறைந்தது. அதே முறையை மலையடிவாரத் தோட்டங்களில் பார்த்தபோது காய்ச்சல் குறையவில்லை. காரணம் என்ன? தாழ்நிலத்துக் கொசு நிழலை விரும்புவது. மலையோடைகளில் முட்டையிடும் அனோபிலிஸ் மாகுலாட்டஸ் என்னும் கொசுவோ வெயில் படும் தெளிந்த நீரை விரும்புவது. ஓடையின்மீது காட்டின் நிழல் கவிந்திருந்தவரை அக்கொசு அங்கே பெருகவில்லை. மரங்களை வெட்டி ஓடையில் வெயில் விழச்செய்தவுடன் பெருகிற்று. இவற்றையெல்லாம் அவர் 1911-ஆம் ஆண்டில் நூலாகவே வெளியிட்டார்.

ஆகவே மலைப்பாங்கான தோட்டங்களில் நம்மவரைக் கொன்றது காடன்று. காட்டை வெட்டிய முறை. சில தோட்டங்களில் ஓராண்டுக்குள் ஆயிரம் பேரில் நூறு பேருக்கும் மேலானோர் மடிந்த காலம் அது. ஓடைக்கரை மரங்களை விட்டுவைப்பதால் இலாபத்தில் என்ன குறைந்திருக்கும்? சில ஏக்கரில் கன்று நடமுடியாமற் போயிருக்கும். அவ்வளவே. அந்தச் சில ஏக்கருக்காகச் சாக வைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம், இன்று எழுந்து நின்று அந்த வெட்டையே நம் வீரமென்று கொண்டாடுகிறோம். இதைவிடப் பரிதாபம் வேறுண்டோ?

அக்காலத்துத் தொழிலாளிக்கு இவ்வுண்மையை எவரும் சொல்லவில்லை. மாரியம்மன் கோபம் என்றார் பூசாரி. காட்டுப் பேய் என்றார் மந்திரவாதி. கூலியில் மிச்சம் பிடித்து ஆடும் கோழியும் பலியிட்டனர், தீ மிதித்தனர். ஓடை வெயிலில் மின்னிக்கொண்டே இருந்தது; கொசு வளர்ந்துகொண்டே இருந்தது. அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. படித்தவன் சொல்லாத உண்மையைப் படியாதவன் எங்கிருந்து அறிவான்? ஆனால் இன்று எழுதப் படிக்கத் தெரிந்த நாமும் அதே பொய்யை வேறு சொல்லில் கூறுகிறோமே! பூசாரி சொன்ன காட்டுப் பேயும், பேச்சாளர் சொல்லும் கொலைகாரக் காடும் ஒன்றுதானே?

மண்ணின் கதையும் இவ்வாறே. தொடக்ககாலத்து ரப்பர்த் தோட்டங்களில் துரைமாருக்குச் சுத்தம் என்பது புல் பூண்டு இல்லாத வெற்று மண். நிரைகளுக்கிடையே ஒரு பச்சையும் தலைகாட்டலாகாது. வெளிக்காட்டு வேலைக்குப் போன நம் பெண்கள் காலை முதல் குனிந்து அந்தச் சுத்தத்தைக் காப்பாற்றினர். மழை பெய்தபோது சரிவுகளிலிருந்து மேல்மண் கரைந்து ஆற்றில் இறங்கிற்று, ஆறு மேடிட்டது, மரமும் உரமிழந்தது. பிற்காலத்திலே துறையறிஞர் சொன்னபின்னரே மூடுபயிர்க் கொடிகளைப் படரவிட்டுச் சரிவுகளில் படிக்கட்டுப்போல வரப்பு அமைத்தனர். எந்தப் பச்சையை ஒழிக்கக் கூலி கொடுத்தார்களோ, அந்தப் பச்சையை வளர்க்கக் கூலி கொடுத்தார்கள். தோட்டத்துக் கணக்கெழுதிப் பிழைக்கும் எம்போன்றோர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. செக்ரோலில் களை பிடுங்கிய ஆட்கூலிக்கு இடமுண்டு. ஆற்றோடு போன மண்ணுக்கு இடமில்லை. எழுதப்படாத நஷ்டம் நஷ்டமேயன்று என்று முதலாளி நம்பினான். அவனோடு சேர்ந்து நாமும் நம்பவேண்டுமென்று விதியா?

இங்கே ஓர் ஆட்சேபம் எழும், அது அற்பமானதன்று. "வந்தேறிகள் என்று நம்மை ஏசுவோர் இருக்கும் நாட்டிலே, காட்டைத் திருத்தினோம் என்ற உரிமையையும் நீர் பறித்துவிட்டால் நாம் எதைப் பற்றி நிற்பது?" என்று கேட்பார்கள். கேட்பவரின் வேதனை எனக்குப் புரிகிறது, அவ்வேதனை எனதுமாகும். ஆனால் அந்த வாக்கியம் இதுவரை நமக்கு எதைக் காத்துக் கொடுத்தது? வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது அது ஒரு லயத்தையும் காக்கவில்லை. 1960-ஆம் ஆண்டில் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளரின் சிறுபணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்கினாரே, அதுதான் காத்தது. ஜொகூர்பாருவைச் சூழ்ந்த தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, கோயிலையும் இடுகாட்டையும் எங்கே நகர்த்துவது என்று அலைந்தோமேயன்றி, காடழித்த பெருமை ஓரடி நிலத்தையும் நமக்கென்று நிறுத்தித் தரவில்லை. அழித்ததனால் உரிமை என்றால், நேற்று வந்த மண்வாரி இயந்திரத்துக்கு நம்மைவிட அதிக உரிமை உண்டு. அது ஒரு நாளில் அழிப்பதை நம் பாட்டன் ஓராண்டிலும் அழித்ததில்லை.

அப்படியானால் நம் பெருமை எது? பால் வெட்டு. இதைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் நம்மில் பலர். பிள்ளை படித்து உத்தியோகத்துக்குப் போனபின் அப்பன் பால்மரம் வெட்டியவர் என்று சொல்ல நாணுகிறான். காட்டை அழித்தவர் என்று சொல்லவோ மார்தட்டுகிறான். என்ன விபரீதம்! சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் தலைவராக 1888-இல் வந்த ரிட்லி, மரத்தைச் சாகவிடாமல் நாள்தோறும் பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை நிலைநாட்டினார். ஆனால் முறையைச் சொல்வது வேறு. விடியுமுன் விளக்கொளியில் நானூறு, ஐந்நூறு மரங்களில் அதைச் செய்வது வேறு. கத்தி ஆழம் போதாவிட்டால் பால் வாராது. ஓர் இழை ஆழம் மிகுந்தால் மரத்துக்குக் காயம். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவேயுள்ள உயிர்த்தோலின்மேல் ஒரு மில்லிமீட்டர் அளவு பட்டையை விட்டுச் சீவவேண்டும். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை சீராய் வளராது. முண்டும் முடிச்சுமாய்த் திரளும். காயங்களை எண்ணுவதற்கென்றே மண்டோர் பின்னால் வருவார். அக்கத்தியைப் பிடித்த கைதான் ஒரே மரத்தை இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் உயிரோடு காத்துப் பாலெடுத்தது.

எவ்வளவு எடுக்கலாம், எங்கே நிறுத்தவேண்டும், எத்தனை நாள் ஓய்வு கொடுக்கவேண்டும், புதுப்பட்டை வளர எத்தனை ஆண்டு காத்திருக்கவேண்டும் என்னும் இவ்வறிவு நம் தாய்மாரிடமும் தந்தைமாரிடமும் விரல் நுனியில் இருந்தது. இயற்கையோடு மனிதன் வாழவேண்டிய முறையைப் பற்றி இன்று உலக மாநாடுகளில் பேசுகிறார்களே, அதன் அரிச்சுவடி இதுதான். முல்லைக்குத் தேரீந்த பாரியைப் பாராட்டிப் பட்டிமன்றம் நடத்தும் நாம், மரத்துக்குக் காயம் படாமல் கத்தி பிடித்த நம் பாட்டியைப் பாராட்ட ஒரு கூட்டமாவது கூட்டினோமா?

அக்கையறிவு இன்று நம்மிடமிருந்து நழுவிப் போகிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தீபகற்பத்தில் செம்பனை மிகுந்த மாநிலங்களில் ஒன்று ஜொகூர். தோட்டவேலைக்கு இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் ஆட்கள் வருகின்றனர்; நம்மவர் பெரும்பாலும் நகரத்துக்குப் போய்விட்டனர். அறிவு போனவிடத்தில் மூடநம்பிக்கை மட்டும் போகாமல் நிற்கிறது. செம்பனைத் தோட்டங்களில் எலியைக் கட்டுப்படுத்தக் கூகைக்குக் கம்பம் நாட்டிப் பெட்டிவீடு கட்டிக் கொடுக்கிறார்கள். ஒரு கூகைக் குடும்பம் ஆண்டில் நூற்றுக்கணக்கான எலிகளைத் தின்றுவிடுகிறது. விஷம் வைக்காமல் பயிர் பிழைக்கிறது. நம்மவரோ கூகை அலறினால் சாவு வரும் என்று கல்லெறிகின்றனர். புற்றுக்குப் பாலூற்றிய கையே கொல்லையில் பாம்பைக் கண்டால் தடியெடுக்கிறது. பிள்ளையாருக்கு மோதகம் படைத்துவிட்டு, குளுவாங்கிலும் கோத்தா திங்கியிலும் தோட்டத்துக்குள் வரும் யானையைச் சுட்டுத் தள்ளவேண்டும் என்று பேசுகிறோம். கல்லில் இருந்தால் தெய்வம், காலால் நடந்தால் பகை என்பது என்ன பக்தி?

"இவையெல்லாம் காட்டிலுள்ளோர் விவகாரம், நகரத்துத் தமிழனுக்கு என்ன?" என்று கேட்பவர் குழாயைத் திறந்து பார்க்கட்டும். சிங்கப்பூர் நகராட்சியும் ஜொகூர் சுல்தானும் 1927-ஆம் ஆண்டில் தண்ணீர் ஒப்பந்தம் செய்தபோது குனோங் பூலாய் மலைநீர் நகரத்துக்குப் போயிற்று. அந்நீருக்காகவே அம்மலைக்காடு வெட்டப்படாமல் நின்றது. குடிப்பவனுக்குக் காடு வேண்டும் என்பதை அன்றைய நகரத்தார் அறிந்திருந்தனர். 2016-ஆம் ஆண்டில் ஜொகூர் ஆற்றுக்கு நீர் விடும் லிங்கியூ நீர்த்தேக்கம் கொள்ளளவில் ஐந்திலொரு பங்காய் வற்றிற்று. மறுபுறம், 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் பெருகிய வெள்ளத்தில் ஜொகூரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுவிட்டு வெளியேறினர்; 2023 மார்ச்சில் மீண்டும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினர். மழை மிகுதியாய்ப் பெய்தது மெய். ஆனால் பெய்த மழையை உறிஞ்சி வைக்கும் காடும் சதுப்பும் குறைந்த நாட்டில் மழைநீர் வேறெங்கே போகும்? மேற்குக் கரையில், 1974 முதற்கொண்டு பெருந்திட்டமாக வடிகால் வெட்டிய புதைசேற்று நிலங்களில் தரையே ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் வீதம் தாழ்ந்து வந்ததை அளந்தே காட்டியிருக்கிறார்கள். நீரை வடித்தால் அந்நிலம் சுருங்கும், தாழும், பின் வெள்ளம் அங்கேயே தங்கும்.

2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரகசியமாய்க் கொட்டிய இரசாயனக் கழிவால் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறிச் சிகிச்சைக்கு ஓடினர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. அப்பள்ளிகளின் பிள்ளைகளில் நம் பிள்ளைகள் இல்லையா? அதே ஆண்டு நவம்பரில், ஒருகாலத்தில் எண்டாவ்–ரொம்பின் காட்டில் உலாவிய சுமத்திராக் காண்டாமிருகம் மலேசிய மண்ணிலிருந்து அடியோடு மறைந்தது. காட்டில் எஞ்சிய மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு. அழிப்பதற்கு இனி அதிகம் மீதமில்லை. பெருமை பேசுவோர் சீக்கிரம் பேசி முடித்துக்கொள்வாராக!

காப்பதும் மனிதரால் கூடியதே. 1977-ஆம் ஆண்டில் எண்டாவ்–ரொம்பின் காட்டின் நடுப்பகுதியில் மரம் வெட்ட பகாங் அரசு அனுமதி கொடுத்தபோது, நாடெங்கும் பத்திரிகைகளும் சங்கங்களும் எதிர்த்தெழுந்தன, வெட்டு நின்றது. 1985, 1986-ஆம் ஆண்டுகளில் இயற்கைக் கழகத்தார் ஆராய்ச்சிக் குழுவை அனுப்பி அக்காட்டின் செல்வத்தை உலகறியச் செய்தனர். 1993-இல் ஜொகூர்ப் பகுதி தேசியப் பூங்காவாயிற்று. எழுதினார்கள், கேட்டார்கள், விடாமல் கேட்டார்கள், கிடைத்தது. தமிழன் கடிதம் எழுதக் கூடாது என்று எவனும் சட்டம் போடவில்லை.

ஆகவே நம் சமூகத்தாருக்கு மூன்று வேலைகளைச் சொல்வேன். ஒன்று: ஜொகூரிலுள்ள தமிழ்ப் பள்ளிகள் பலவும் தோட்டங்களின் பெயரைத் தாங்கி நிற்பவை. அவை ஒவ்வொன்றும் தன் தோட்டத்தின் சரித்திரத்தைக் காய்ச்சலோடும், மண்ணரிப்போடும், பால்வெட்டின் நுட்பத்தோடும் எழுதிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கட்டும். பால்வெட்டத் தெரிந்த முதியோர் உயிரோடிருக்கும்போதே அவர்களைப் பள்ளிக்கு அழைக்கட்டும். இரண்டு: ஓடையோரத்தில் கோயில் கட்டியிருக்கும் நிர்வாகிகள் கோபுரத்துக்கு வண்ணம் பூசும் பணத்தில் ஒரு பங்கையேனும் அவ்வோடையின் கரைக்குச் செலவிடட்டும், திருவிழா முடிந்த மறுநாள் பிளாஸ்டிக் குப்பையை நீரில் தள்ளும் வழக்கத்தை ஒழிக்கட்டும். மூன்று: 1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டச் சட்டப்படி, நிலத்தை என்ன செய்வதென்ற வரைவுத் திட்டங்களை மக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபம் கேட்கவேண்டும். கோயில் இடிபடும் நாளில் கூடிக் கதறும் நம் சங்கங்கள், வரைவு வெளியாகும் நாளிலேயே போய்ப் பார்த்து, ஆறு எது, காடு எது, இடுகாடு எது, வெள்ளம் வழியும் தாழ்நிலம் எது என்று எழுத்தில் கேட்கட்டும்.

இம்மூன்றுக்கும் கைதட்டல் கிடையாது, மாலையும் கிடையாது. ஆனால் இந்நாட்டில் நமக்கு உரிமை யாது என்று எவரேனும் கேட்டால், இந்த ஆறு எங்கே தோன்றுகிறது, எங்கே கெடுகிறது, யாரால் கெடுகிறது என்று தெரிந்தவர்கள் நாங்கள். அதைக் கேட்டு எழுதிய கடிதம் இதோ என்று எடுத்துக் காட்டலாம். காடழித்த கதையைப் பேசும் அடுத்த பேச்சாளரை மேடையிலிருந்து இறக்கவேண்டாம். அவர் ஊரின் பின்னே ஓடும் ஓடையின் பெயரை மட்டும் கேளுங்கள். தெரியாதென்றால், தெரிந்துகொண்டு வந்து பேசச் சொல்லுங்கள்.